பூட்டுச் சின்னத்தின் வரலாறு – 11: கீழே இறக்கப்பட்ட இணைப்புகள்

பெர்க்லி மாணவர்கள் இயன் கோல்ட்பெர்கும் டேவிட் வாக்னரும் 1995 செப்டம்பரில் நெட்ஸ்கேப்பின் ரகசியச் சாவியை ஒரு நிமிடத்துக்குள் ஊகித்துக் காட்டியதைச் சென்ற இதழில் பார்த்தோம். சாவியை உருவாக்க நேரத்தையும் புராசஸ் எண்களையும் நம்பியிருந்தது அந்த நிரல். நிரலில் உள்ள தவறைத் திருத்திப் புதிய பிரவுசரைக் கொடுத்துவிடலாம். ஆனால் 1995 பிப்ரவரியில் நெட்ஸ்கேப் வெளியிட்ட எஸ்எஸ்எல் 2.0 நெறிமுறையிலேயே ஓட்டை இருந்தது. நெறிமுறையை மாற்ற வேண்டுமானால் அதைப் பேசும் பிரவுசர்களும் சர்வர்களும் ஒரே நாளில் மாற வேண்டும். அப்படி ஒரு நாள் இணையத்தில் என்றைக்கும் வந்ததில்லை. பழசும் புதுசும் பல வருடங்கள் கலந்தே ஓடும். அந்த நிலையில், எந்தப் பதிப்பில் பேசுவது என்பதை இரண்டு கணினிகள் எப்படி முடிவு செய்கின்றன? கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கேள்விதான் அடுத்த இருபத்தைந்து வருடங்களில் பெரும் சேதங்களுக்கு வழிவிட்டது.

முதலில் அந்த ஓட்டை. இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் தனக்குத் தெரிந்த குறியாக்க முறைகளின் பட்டியலை அனுப்பும். சாவி இன்னும் உருவாகாத நேரம் என்பதால் பட்டியல் திறந்த செய்தியாகவே போகும். நடுவில் உட்கார்ந்திருப்பவன் அதிலிருந்து 128 பிட் முறைகளை நீக்கிவிட்டு, அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்துக்காக வைத்திருந்த 40 பிட் முறையை மட்டும் விட்டுவைத்தால் போதும். இருவரும் அதையே ஒப்புக்கொள்வார்கள். பிரவுசர் அனுப்பிய பட்டியலும் சர்வருக்குக் கிடைத்த பட்டியலும் ஒன்றுதானா என்று சரிபார்க்க எஸ்எஸ்எல் 2.0-ல் வழியே இல்லை.

நெட்ஸ்கேப்பின் ஃபில் கார்ல்டன், ஆலன் ஃப்ரையர் இருவரோடு பால் கோச்சர் என்ற இளம் குறியாக்க ஆலோசகரும் சேர்ந்து எழுதிய எஸ்எஸ்எல் 3.0 1996-ல் வந்தது. அதில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல் முடியும் தறுவாயில் இரு தரப்பும், அதுவரை பரிமாறிய எல்லாச் செய்திகளின் சுருக்கத்தையும் புதிய சாவியால் காத்து அனுப்ப வேண்டும். நடுவில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சுருக்கம் பொருந்தாது, இணைப்பு முறியும். இன்னும் இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். பிரவுசர் சர்வரின் பொதுச்சாவியால் பூட்டி அனுப்பும் ரகசியத்தின் முதல் இரண்டு பைட்டுகளில், தான் முதலில் கேட்ட பதிப்பு எண்ணை வைக்க வேண்டும். 3.0 தெரிந்த பிரவுசர் பழைய 2.0-வில் பேச நேர்ந்தால், பூட்டிய செய்தியின் நிரப்புப் பகுதியில் கடைசி எட்டு பைட்டுகளிலும் 3 என்ற எண்ணை இட வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்கும் சர்வருக்கும் 3.0 தெரியுமென்றால், யாரோ இடையில் புகுந்து இருவரையும் கீழே இறக்கியிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். நெருக்கடியான சந்தைப் போட்டிக்கு நடுவே எழுதப்பட்ட ஆவணத்தில் இவ்வளவு முன்யோசனை இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மரியாதை வருகிறது.

பதிப்பைத் தேர்வதற்கு வைத்த விதியும் தெளிவானது. பிரவுசர் தனக்குத் தெரிந்த ஆக உயர்ந்த பதிப்பைச் சொல்ல வேண்டும். சர்வர் அதைத் தன்னுடைய உயர்ந்த பதிப்போடு ஒப்பிட்டு, எது குறைவோ அதைப் பதிலாகச் சொல்ல வேண்டும். தனக்குத் தெரியாத பெரிய எண் வந்தாலும் சர்வர் பதற வேண்டியதில்லை. தன் எண்ணைச் சொன்னால் போதும், பிரவுசர் இறங்கி வரும்.

இதற்கிடையில் மைக்ரோசாஃப்ட் 1995-ல் பிசிடி என்ற தன் சொந்த நெறிமுறையோடு களத்தில் இறங்கியிருந்தது. இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு மொழி பேசினால் இணைய வணிகமே பிளவுபடும் என்பதால், இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் 1996-ல் ஒரு குழு அமைந்தது. குழுவின் ஆவணத்தை எழுதியவர்கள் டிம் டியர்க்ஸ், கிறிஸ்டோபர் ஆலன். நெட்ஸ்கேப் எழுதியதற்கு அப்படியே முத்திரை குத்தியதாகத் தெரியக் கூடாது என்பதற்காகச் சில சிறு மாற்றங்களும் ஒரு புதுப் பெயரும் தேவைப்பட்டதாக டியர்க்ஸ் பின்னாளில் எழுதினார். அப்படி 1999 ஜனவரியில் ஆர்எஃப்சி 2246 என்ற ஐஇடிஎஃப் ஆவணமாக வெளிவந்ததுதான் டிஎல்எஸ் 1.0. பெயர் மாறினாலும் கம்பியில் போகும் எண் பழைய வரிசையிலேயே தொடர்ந்தது: எஸ்எஸ்எல் 3.0 என்றால் 3.0, டிஎல்எஸ் 1.0 என்றால் 3.1. 2006 ஏப்ரலில் வந்த டிஎல்எஸ் 1.1-க்கு 3.2, 2008 ஆகஸ்டில் வந்த 1.2-க்கு 3.3. எஸ்எஸ்எல் 3-ஐவிட டிஎல்எஸ் 1 புதியது என்பது பெயரை மட்டும் பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அமைப்புப் பக்கத்தில் இரண்டையும் பார்த்துப் பெரிய எண்ணுக்கு டிக் போட்டவர்கள் ஏராளம்.

அந்தத் தெளிவான விதி எங்கே உடைந்தது? 2001-ல் சர்வருக்கு நிரல் எழுதுகிற ஒருவரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவர் முன்னால் இருப்பவை 3.0, 3.1 என்ற இரண்டே எண்கள். இரண்டையும் சோதிக்கிறார், சரியாக ஓடுகிறது. 3.3 என்று வந்தால் என்ன ஆகும் என்று சோதிக்க, அதைப் பேசும் பிரவுசர் உலகத்திலேயே இல்லை. தெரியாத எண் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடு என்று ஒரு வரி எழுதுகிறார். பாதுகாப்பு என்று நினைத்தேதான் எழுதியிருப்பார். அந்த வரி ஏழெட்டு வருடங்கள் ஒரு முறைகூட ஓடாமல் கிடக்கிறது. கருவி விற்பனையாகி, அலுவலகங்களின் கணினி அறைகளில் திருகி மாட்டப்பட்டு, எழுதியவரும் வேறு வேலைக்குப் போன பிறகு, எங்கோ ஒருவருடைய புதிய பிரவுசர் 3.3 என்கிறது. அன்றைக்குத்தான் பிழை விழித்துக்கொள்கிறது. இப்படி விதியை மீறித் துண்டித்த சர்வர்களும் ஃபயர்வால்களும் ஒன்றிரண்டு அல்ல. ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் ஒரு கூட்டமாக வெளிப்பட்டன.

இதில் பழி யார்மேல் விழும்? நேற்றுவரை திறந்த வங்கிப் பக்கம், பிரவுசரைப் புதுப்பித்த பிறகு திறக்கவில்லை என்றால், வாடிக்கையாளர் பிரவுசரைத்தான் திட்டுவார். போட்டி நிறுவனத்தின் பிரவுசருக்கு மாறிவிடுவார். ஆகவே பிரவுசர் தயாரித்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். 1.2 என்று கேட்டு இணைப்பு முறிந்தால் புதிய இணைப்பில் 1.1 கேட்பது, அதுவும் முறிந்தால் 1.0, கடைசியில் எஸ்எஸ்எல் 3.0. எந்தத் தரத்திலும் எழுதப்படாத இந்தப் பழக்கம் எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் குடியேறியது.

கோச்சரும் மற்றவர்களும் கட்டிய காவல் இதனால் வீணாயிற்று. சர்வர் விதி தெரியாமல் துண்டித்ததா, நடுவில் இருப்பவன் பாக்கெட்டை விழுங்கினானா என்று பிரவுசரால் பிரித்தறிய முடியாது. பொது வைஃபையில் உட்கார்ந்திருப்பவன் எந்தக் குறியாக்கத்தையும் உடைக்க வேண்டாம். முதல் மூன்று முயற்சிகளைத் துண்டித்தாலே போதும். பிரவுசருக்கும் 1.2 தெரியும், சர்வருக்கும் 1.2 தெரியும், ஆனாலும் இருவரும் 3.0-வில் பேசுவார்கள். நான்காவது கைகுலுக்கலில் சுருக்கம் கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் அந்தக் கைகுலுக்கலில் யாரும் எதையும் மாற்றவில்லை. பிரவுசர் பொறியாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயனர்களை அவர்கள் கைவிட முடியாது. பத்து வருடங்கள் பிழையைத் திருத்தாமல் கருவி விற்ற நிறுவனங்கள்தான் இதற்குப் பொறுப்பு.

கீழ்ப் பதிப்பில் பேசினால்தான் என்ன என்ற அலட்சியமும் இருந்தது. 2011 செப்டம்பரில் ப்யூனஸ் அயர்ஸின் எக்கோபார்ட்டி மாநாட்டில் அந்த அலட்சியத்துக்கு முதல் அடி விழுந்தது. தாய் துவோங், ஹுலியானோ ரிஸ்ஸோ இருவரும் பீஸ்ட் என்ற தாக்குதலைச் செய்து காட்டினார்கள். டிஎல்எஸ் 1.0, ஒரு செய்தியின் கடைசிக் கட்டத்தை அடுத்த செய்தியைக் குறியாக்கும் தொடக்கமாக வைத்துக்கொள்ளும்; அதைக் கம்பியில் பார்ப்பவன் முன்கூட்டியே அறிந்துகொள்கிறான். இந்தப் பலவீனம் ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும். ஒவ்வொரு செய்திக்கும் புதிய தொடக்கம் என்று 2006-லேயே டிஎல்எஸ் 1.1 அதைச் சரிசெய்துவிட்டது. ஆனால் உலகெங்கும் ஏராளமான சர்வர்களுக்கு அடித்தளமான ஓப்பன்எஸ்எஸ்எல், 1.1-ஐயும் 1.2-ஐயும் பேசத் தொடங்கியது 2012 மார்ச்சில். ஆறு வருடங்கள் மருந்து காகிதத்திலேயே இருந்தது. அவசரத்துக்கு, முதல் பைட்டை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு அனுப்பும் ஒட்டு வேலையைப் பிரவுசர்கள் செய்தன. பலர் ஆர்சி4 என்ற பழைய முறைக்கு மாறச் சொன்னார்கள். 2013-ல் அதுவும் உடைந்தது.

பிறகு 2014 அக்டோபர் 14. கூகுளின் போடோ மோல்லர், தாய் துவோங், கிரிஸ்டோஃப் கோட்டோவிச் மூவரும் பூடுல் தாக்குதலை வெளியிட்டார்கள். இதைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். எஸ்எஸ்எல் 3.0 தரவை 8 அல்லது 16 பைட் கட்டங்களாக வெட்டிக் குறியாக்கும். கடைசிக் கட்டம் நிரம்பவில்லை என்றால் வெற்றுப் பைட்டுகளால் நிரப்பும்; நிரம்பியிருந்தால் ஒரு முழு நிரப்புக் கட்டத்தையே சேர்க்கும். எத்தனை நிரப்பினோம் என்பதைக் கடைசி பைட் சொல்லும். மற்ற நிரப்புப் பைட்டுகளில் என்ன இருக்க வேண்டும் என்று 3.0 சொல்லவே இல்லை. ஆகவே பெறுகிறவரும் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. தாக்குபவன், பாதிக்கப்படுகிறவரின் பிரவுசரில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட்டை ஓடவிட்டு, வங்கித் தளத்துக்குத் திரும்பத் திரும்பக் கோரிக்கை அனுப்ப வைக்கிறான். கோரிக்கையின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, பயனரை வங்கிக்கு அடையாளம் காட்டும் குக்கீயின் ஒரு பைட் ஒரு கட்டத்தின் கடைசியில் வந்து நிற்கும்படி செய்கிறான். பிறகு அந்தக் கட்டத்தைப் பிரதியெடுத்து, நிரப்புக் கட்டம் இருக்கும் இடத்தில் வைத்துவிடுகிறான். பெரும்பாலும் சர்வர் மறுத்துவிடும். சராசரியாக 256 முறைக்கு ஒரு முறை தற்செயலாக ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டதே துப்பு: கடைசி பைட்டின் மதிப்பு என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது, அதிலிருந்து குக்கீயின் அந்த பைட்டைக் கணக்கிட்டுவிடலாம். அடுத்த பைட்டுக்கு மறுபடி 256. ஒரு குக்கீ முழுவதும் சில ஆயிரம் கோரிக்கைகளில் வெளியே வந்துவிடும்.

அப்போது எஸ்எஸ்எல் 3.0-க்குப் பதினெட்டு வயது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6-ல் டிஎல்எஸ் 1.0 இருந்தும், அதை இயக்கும் பெட்டியில் டிக் போடாமலே மைக்ரோசாஃப்ட் அனுப்பியிருந்தது. அந்த பிரவுசரோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரலில்தான். அந்தக் கணினிகளுக்காக எல்லாரும் 3.0-ஐ வைத்திருந்தார்கள், கீழே இறங்கும் பழக்கத்தால், புதிய கணினிகளையும் அங்கே இழுத்துவர முடிந்தது. சில மாதங்களுக்குள் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 3.0-ஐ அணைத்தன. 2015 ஜூனில் ஆர்எஃப்சி 7568 அதைத் தடை செய்தது. மோல்லரும் ஆடம் லாங்லியும் சேர்ந்து இன்னொரு காவலையும் தந்தார்கள்: மறுமுயற்சியில் கீழிறங்கி வரும் பிரவுசர், முறைகளின் பட்டியலில் ஒரு போலி எண்ணைச் சேர்த்து அனுப்பும். அதன் பொருள், நான் தோற்று இறங்கி வந்திருக்கிறேன் என்பது. தனக்கு இதைவிட உயர்ந்த பதிப்பு தெரியும் என்றால் சர்வர் இணைப்பை மறுத்துவிட வேண்டும்.

பூடுல் கிளப்பிய பீதியில் மென்பொருள் எழுதுபவர்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் போக முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் இணைப்பைத் தொடங்க ஒரு செயற்கூற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது ஒன்றின் பெயர் எஸ்எஸ்எல்வி23 மெத்தட். இன்னொன்று டிஎல்எஸ்வி1 மெத்தட். பெயரைப் பார்த்தால் முதலாவது எஸ்எஸ்எல் 2, 3 மட்டும் பேசும் பழைய சாமான் என்றும், இரண்டாவது நவீனம் என்றும் தோன்றும். உண்மை நேர் எதிர். முதலாவதுதான் இரு தரப்பும் அறிந்த ஆக உயர்ந்த பதிப்பைத் தேர்வது, அன்றைக்கு 1.2 வரை ஏறும். இரண்டாவது 1.0-வை மட்டுமே பேசும், மேலேயும் போகாது, கீழேயும் போகாது. எஸ்எஸ்எல்லை ஒழிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பலர் முதலாவதை நீக்கி இரண்டாவதை எழுதினார்கள். செய்ய வேண்டியிருந்தது, முதலாவதை வைத்துக்கொண்டு 2-ஐயும் 3-ஐயும் விலக்கும் அமைப்பைச் சேர்ப்பது மட்டுமே. 2016 ஆகஸ்டில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 முதலாவதின் பெயரை டிஎல்எஸ் மெத்தட் என்று மாற்றியது; குறைந்தபட்சப் பதிப்பை மட்டும் சொல்லும் தனிச் செயற்கூற்றையும் தந்தது. பைத்தான் 3.7-ல் அதே போன்ற ஏற்பாடு வந்தது. டாட்நெட் எழுதுபவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்னதும் இதுதான்: நிரலில் பதிப்பு எண்ணை எழுதாதீர்கள், இயங்குதளம் தேர்ந்துகொள்ளட்டும். தரையை நிர்ணயிக்கலாம், கூரை போடக் கூடாது என்பதே என்னுடைய கருத்தும். 1.2 தான் சிறந்தது என்று 2015-ல் நிரலில் எழுதிப் பூட்டியவர், 1.3 வந்த அன்று தன் மென்பொருளைத் தானே பின்னால் நிறுத்தியிருப்பார்.

கூரை போட்டவர்களுக்குக் கணக்குத் தீர்க்கும் நாளும் வந்தது. அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ பாதுகாப்புக் குழு, எஸ்எஸ்எல்லையும் தொடக்க கால டிஎல்எஸ்ஸையும் கைவிட 2016 ஜூன் 30 வரை கெடு வைத்திருந்தது. கடைகளும் வங்கிகளும் தயாராகவில்லை என்பதால் கெடுவை 2018 ஜூன் 30 வரை தள்ளியது. அதையொட்டிச் சர்வர்கள் 1.0-வை அணைத்தபோது, 1.0-வை மட்டுமே பேசும் நிரல்கள் நின்றுபோயின.

2014-ல் தொடங்கி எரிக் ரெஸ்கோர்லா தொகுத்த டிஎல்எஸ் 1.3, 28 வரைவுகளைக் கடந்து 2018 ஆகஸ்டில் வெளிவந்தது. அதற்கு இவ்வளவு காலம் பிடித்ததற்கு ஒரு காரணம், நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே நோய். 2017 பிப்ரவரியில் குரோம் 56 அதைச் சோதனையாக இயக்கியபோது, இணைப்புகளை நடுவில் நின்று சோதிக்கும் ப்ளூ கோட் நிறுவனத்தின் ப்ராக்ஸிகள் அவற்றை முறித்தன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலப் பள்ளிகளில் ஏராளமான குரோம்புக்குகள் முடங்கின.  கூகுள் பின்வாங்கி, 1.3-ஐத் தற்காலிகமாக அணைத்தது.

பதிப்பு எண்ணுக்கென்று இருந்த இடமே துருப்பிடித்து இறுகிப்போன கீல் ஆகிவிட்டது என்று குழு புரிந்துகொண்டது. 1.3-ல் தொடங்கும் இணைப்பின் முதல் பைட்டுகளைப் பிரித்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே 16 03 01; அதில் 03 01, அதாவது 3.1, டிஎல்எஸ் 1.0 என்று உறை சொல்கிறது. சில பைட்டுகள் தள்ளி, செய்திக்குள் 03 03, அதாவது 1.2. இரண்டும் பழைய கருவிகளைச் சமாதானப்படுத்த வைத்தவை. உண்மையான எண்ணான 03 04 இன்னும் உள்ளே, புதிதாக உருவாக்கிய ஒரு பட்டியலில் இருக்கிறது. பழைய சர்வர்கள் அந்தப் பட்டியலைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். புதிய சர்வர் அதிலிருந்து தேர்ந்தெடுக்கும். ஓர் எண்ணைச் சொல்லி மற்றதை ஊகிக்கவிடும் பழைய முறை போய், தெரிந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லும் முறை வந்தது.

அந்தப் பட்டியலும் இறுகிவிடாமல் இருக்க டேவிட் பெஞ்சமின் கிரீஸ் என்ற உத்தியைக் கொடுத்தார். யாருக்கும் ஒதுக்கப்படாத வெற்று எண்களைக் குரோம் ஒவ்வொரு இணைப்பிலும் சீரற்ற வகையில் சேர்த்து அனுப்புகிறது. தெரியாத எண்ணைக் கண்டு துண்டிக்கும் சர்வரை இன்று யாராவது எழுதினால், அது முதல் நாள் சோதனையிலேயே விழுந்துவிடும்; பத்து வருடங்கள் காத்திருக்காது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் ஈர்த்த யோசனை இதுவே.

கீழே இறக்குவதைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடும் 1.3-ல் உண்டு. 1.3 தெரிந்த சர்வர் 1.2-விலோ அதற்குக் கீழோ பேச நேர்ந்தால், தான் அனுப்பும் சீரற்ற 32 பைட்டுகளில் கடைசி எட்டை நிச்சயித்த ஒரு குறியாக வைக்கிறது: டவுன்கிரேட் என்ற சொல்லைக் குறுக்கிய ஏழு எழுத்துகளும், கூடவே ஒரு பைட்டும். 1.3 கேட்ட பிரவுசர் அந்தக் குறியைக் கண்டால் இணைப்பை முறித்துவிடும். 1996-ல் எட்டு பைட்டுகளில் 3 என்று இட்டார்களே, அதே சிந்தனை.

பழைய பதிப்புகளை மூடுவது மட்டும் பாக்கி. 2018 அக்டோபரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா நான்கும் சேர்ந்து, 2020-ன் தொடக்கத்தில் 1.0-வுக்கும் 1.1-க்கும் விடைகொடுப்பதாக அறிவித்தன. யாரும் தனியே பழி சுமக்க வேண்டாம் என்பதே ஒரே நேரத்தில் அறிவித்ததன் பலன். 2020 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 74 சொன்னபடியே அவற்றை அணைத்தது. அதே வாரத்தில் கொரோனா உலகப் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்டது. நோய் பற்றிய தகவல்களைத் தரும் சில அரசுத் தளங்கள் இன்னும் பழைய பதிப்புகளையே பேசிக்கொண்டிருந்ததால், மக்களுக்குத் தகவல் தடைபடக் கூடாது என்று மொஸில்லா அவற்றை மீண்டும் இயக்கியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அந்த நேரத்தில் படிக்க முடியாமல் போவதே பெரிய ஆபத்து. ஜூன் கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் 78 அவற்றை மறுபடி அணைத்தது. ஜூலையில் குரோம் 84-ம் அணைத்தது.

காத்லீன் மோரியார்ட்டியும் ஸ்டீபன் ஃபாரலும் எழுதிய ஆர்எஃப்சி 8996 2021 மார்ச்சில் வந்து, 1.0-வையும் 1.1-ஐயும் முறைப்படி விலக்கியது. அதன் முகப்பில், அது திருத்தும் பழைய ஆவணங்களின் எண்கள் வரிவரியாக நீள்கின்றன. இருபது வருடங்களாக வெவ்வேறு குழுக்கள் தங்கள் ஆவணங்களில் 1.0, 1.1 என்று எழுதிவைத்த இடங்களை எல்லாம் தேடிப்பிடித்து, இனி 1.2-க்குக் கீழே வேண்டாம் என்று திருத்த வேண்டியிருந்தது.

(தொடரும்)